மறைக்கப்பட்ட நூல்களும் அவற்றின் திறனாய்வாளரும்

1877ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் இலத்தீன் தலைப்பொன்றைத் தாங்கிய கனதியான நூலொன்று அச்சாயிற்று. அது கடைகளில் விற்பனைக்கு வைக்கப்படவில்லை. தனிப்பட்ட முறையில் 250 பிரதிகள் மட்டுமே அச்சிடப்பட்டு, அறிந்தவர் கையிலிருந்து அறிந்தவர் கைக்குச் சென்றன. கத்தோலிக்கத் திருச்சபை 1966 வரை பேணிவந்த தடைநூற் பட்டியலின் பெயரையே அந்நூலும் சூடியிருந்தது: 'இன்டெக்ஸ் லிப்ரோரம் புரோகிபிட்டோரம்', அதாவது தடைசெய்யப்பட்ட நூல்களின் அட்டவணை. ஆசிரியர் பெயர் பிசானஸ் பிராக்சி எனக் காணப்பட்டது. அப்படியொருவர் உலகில் இருந்ததில்லை. இரண்டாவது தொகுதி 1879இலும் மூன்றாவது தொகுதி 1885இலும் வந்தன. முன்னதன் தலைப்பு மறைக்கப்படவேண்டிய நூல்கள் நூறு எனவும், பின்னதன் தலைப்பு பேசாது விடத்தக்க நூல்களின் சங்கிலி எனவும் பொருள்படும். தடுக்கப்பட்டவை, மறைக்கப்பட்டவை, பேசப்படாதவை என்ற இம்மூன்று அடைகளும் ஒரே வகை எழுத்தையே குறித்தன. காமத்தைப் பொருளாகக் கொண்டு, பெயரை மறைத்து, பெரும்பாலும் எழுத்தைத் தொழிலாகக் கொள்ளாதவர்களால் எழுதப்பட்ட நூல்களே அவை.

இத்தகைய நூல்களைத் தண்டித்தோர் பலர். இரகசியமாக வாங்கிப் படித்தோர் அவர்களினும் பலர். ஆனால் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து, பதிப்பை ஆராய்ந்து, கதையைச் சுருக்கி, நடையை எடைபோட்டு, இது தேறும், இது தேறாது என்று தீர்ப்பெழுதியவர் ஆங்கில உலகில் பிராக்சிக்கு முன்னர் இருந்தார் எனக் கூறுதற்கில்லை. ஒரு வகை எழுத்து தாழ்ந்த தரத்தினதாக இருப்பதற்கு அதன் பொருள் காரணமா, அன்றி அதனை முறையாக மதிப்பிடுவார் இல்லாமை காரணமா என்ற வினாவினை ஆராய விழைவோர்க்கு அவருடைய மூன்று தொகுதிகளும் சிறந்த சான்றாதாரங்களாகும். இலக்கிய வரலாற்று நூல்கள் இவ்வினாவை எழுப்புவதில்லை. பொருளே காரணம் என்பது கேளாமலே ஏற்றுக்கொள்ளப்பட்ட முடிபாகிவிட்டது.

அவர் எழுதிய காலத்தின் சட்டநிலையை முதலில் நோக்குதல் வேண்டும். 1857ஆம் ஆண்டு பிரித்தானிய நாடாளுமன்றம் ஆபாசப் பிரசுரங்கள் சட்டத்தை நிறைவேற்றியது. அதற்கு முன்னரும் ஆபாச நூல் விற்பது பொதுச் சட்டத்தின்கீழ்க் குற்றமே. புதிய சட்டம் நீதவானுக்குச் சோதனைப் பத்திரம் வழங்கவும், கைப்பற்றிய நூல்களை அழிக்குமாறு கட்டளையிடவும் அதிகாரம் அளித்தது. சட்டமூலத்தைக் கொணர்ந்தவர் பிரதம நீதியரசர் கம்பல் பிரபு. அவ்வாண்டு வில்லியம் டக்டேல் என்ற நூல் வணிகரின் வழக்கை விசாரித்தவர் அவரே. நச்சுப் பொருள்களின் விற்பனையைக் கட்டுப்படுத்துவது பற்றிப் பிரபுக்கள் சபையில் விவாதம் நடந்த வேளையில், அவற்றினும் கொடிய நஞ்சொன்று தடையின்றி விற்கப்படுகின்றது என அவர் முறையிட்டார். லிண்டேஸ்ட் பிரபு இதனைக் கடுமையாக எதிர்த்தார். ஆடையற்ற உருவங்களைத் தீட்டிய இத்தாலிய ஓவியர்களின் கதி என்ன, முந்திய நூற்றாண்டுகளின் ஆங்கில நாடகாசிரியர்களின் கதி என்ன என்பது அவருடைய வினா. இளையோரின் ஒழுக்கத்தைக் கெடுக்கும் ஒரே நோக்குடன் எழுதப்பட்டவற்றுக்கே சட்டம் பொருந்தும் எனக் கம்பல் உறுதியளித்தார். அதே விவாதத்தில் அலெக்சாந்தர் டூமா மகனாரின் 'கமேலியாப் பூச் சீமாட்டி' என்ற பிரெஞ்சு நாவலைக் கையில் எடுத்துக் காட்டி, தமக்கு அது அருவருப்பைத் தந்தபோதிலும் சட்டத்தால் அதனைத் தடுக்க எண்ணவில்லை என்றும், பொதுமக்களின் கருத்தும் இரசனையின் உயர்ச்சியுமே அதனைத் தடுக்கவேண்டும் என்றும் அவர் கூறியமை மனங்கொள்ளத்தக்கது. நீதியரசரே சட்டத்தின் எல்லை எதுவெனவும் திறனாய்வின் எல்லை எதுவெனவும் பிரித்துக் காட்டினார் என்று கொள்ளலாம்.

அப்பிரிவினை பதினோராண்டுகளே நிலைத்தது. 1868இல் ஹிக்லின் வழக்கு எனப் பெயர்பெற்ற வழக்கில் கம்பலின் பின் அப்பதவிக்கு வந்த கொக்பேண் தீர்ப்பளித்தார். வழக்கிற்குரிய நூல் காமக்கதையே அன்று. கத்தோலிக்கப் பாவசங்கீர்த்தன முறையைத் தாக்கி எழுதப்பட்ட சமயக் கண்டனப் பிரசுரம் அது; வூல்வர்ஹாம்ரன் நகர உலோகத் தரகர் ஒருவரிடமிருந்து 252 பிரதிகள் கைப்பற்றப்பட்டிருந்தன. எழுதியவரின் நோக்கம் எதுவாயினும், அத்தகைய தீய செல்வாக்கிற்கு இடங்கொடுக்கக்கூடிய மனமுடையோர் கையில் நூல் அகப்பட்டால் அவர்களைச் சீரழிக்கும் போக்கு அதற்கு உண்டா என்பதே அளவுகோல் எனக் கொக்பேண் வகுத்தார். நூலின் ஒரு பகுதியை மட்டும் பிரித்தெடுத்து இந்த அளவுகோலால் அளக்கும் வழக்கமும் பின்னர் வேரூன்றியது. இதன் விளைவாக நூலின் தரம் பற்றிய கேள்விக்கே நீதிமன்றத்தில் இடமில்லாது போயிற்று. மிகவும் பலவீனமான வாசகன் யார் என்று கற்பனை செய்து, அவன் கண்களால் நூலைப் பார்ப்பதே மதிப்பீடாயிற்று. ஆங்கிலேயராட்சி பரவிய நாடுகளுக்கும் இந்த அளவுகோல் கப்பலேறிச் சென்றது. இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் ஆபாச நூல் விற்பனை குற்றமாக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டில் ஆபாசப் பிரசுரங்கள் கட்டளைச் சட்டமும் இயற்றப்பட்டது. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 1964இல் ஹிக்லின் அளவுகோலை ஏற்று, 2014இலேயே அதனைக் கைவிட்டது.

சட்டம் இவ்வெழுத்தை ஒழித்ததா எனில், இல்லை. இலண்டனின் ஸ்றாண்ட் வீதிக்கு அணித்தாக ஹொலிவெல் வீதி என்றொரு குறுகிய தெரு இருந்தது. பழைய வீடுகள் நெருங்கி நின்ற அத்தெருவில் நூற்கடைகள் நிறைந்திருந்தன. இருபதாம் நூற்றாண்டுத் திருப்பத்திலே புதிய பெருவீதி அமைப்பதற்காக அத்தெரு இடித்தழிக்கப்படும்வரை அதுவே இவ்வணிகத்தின் நடுவிடம். டக்டேல் பலமுறை சிறை சென்று, 1868இல் சிறைச்சாலையிலேயே இறந்தார். ஆயினும் அவர் இடத்தைப் பிறர் நிரப்பினர். சட்டம் மாற்றியது எழுத்தின் அளவையன்று, எழுதப்படும் நிலைமைகளையே எனலாம். எழுதியவன் பெயர் போடமுடியாது; எனவே புகழுக்கும் பழிக்கும் அவன் பொறுப்பாளியல்லன். அச்சிட்ட இடமும் ஆண்டும் பொய்யாகப் பொறிக்கப்பட்டன. அச்சுப்படி திருத்துவார் இலர். பழைய நூலொன்று புதுத் தலைப்புடன் புதிய நூலாக விற்கப்பட்டது. ஏமாந்த வாசகன் எவரிடம் முறையிடுவான்? ஒரு நூல் நன்றா தீதா என்று எந்தச் சஞ்சிகையும் எழுத முடியாது. எழுதினால் சஞ்சிகையும் குற்றவாளியாகும். இந்நிலையில் வணிகன் நல்ல எழுத்தைத் தேடவேண்டிய தேவை எதுவுமில்லை. வாங்குபவன் நூலைத் திறந்து பார்க்கும் முன்னரே விலையைக் கொடுத்துவிடுகிறான்.

பிராக்சி என்ற புனைபெயருக்குள் மறைந்திருந்தவர் ஹென்றி ஸ்பென்சர் அஷ்பி (1834 - 1900). ஆங்கிலத்தில் 'அஷ்' ஒரு மரம், 'பீ' தேனீ. இவற்றின் இலத்தீன் பெயர்களாகிய பிராக்சினஸ், ஏபிஸ் என்பவற்றின் எழுத்துகளை இடம் மாற்றிப் புனைந்ததே பிசானஸ் பிராக்சி. இவர் பேராசிரியருமல்லர், எழுத்தாளருமல்லர்; வணிகர். ஹம்பேர்க் நகரத்து வணிகக் குடும்பமொன்றில் 1862இல் மணம்புரிந்து, அக்குடும்ப நிறுவனத்தின் இலண்டன் கிளையை நடத்திப் பெரும் பொருளீட்டியவர். வணிகத்தின் பொருட்டும் விருப்பின் பொருட்டும் பல நாடுகளிற் பயணஞ் செய்தவர். தூனிசியா நாட்டுப் பயணம் பற்றி நண்பரொருவருடன் சேர்ந்தெழுதிய நூலும், டொன் கிகோத்தே நாவலின் சித்திரப் பதிப்புகள் பற்றி 1895இல் வெளியிட்ட ஆய்வும் அவருடைய சொந்தப் பெயரிலேயே வந்தன. அந்நாவலாசிரியர் செர்வாந்தேசின் நூல்களை ஸ்பானியாவுக்கு வெளியே அவரளவு திரட்டியவர் அரியர். காமநூல்களை மட்டும் வீட்டில் வைக்காது, கிரேய்ஸ் இன் பகுதியில் தனி அறைகளில் வைத்திருந்தார். பகல் வாழ்வு ஒன்று, அலமாரி வாழ்வு வேறொன்று.

அவருடைய நூலைத் திறப்போர்க்கு முதலில் தோன்றுவது வியப்பன்று, களைப்பே. பக்கத்தின் தலையில் இரண்டு மூன்று வரிகள் மட்டுமே மூலம். எஞ்சிய இடம் முழுவதும் அடிக்குறிப்பு. அடிக்குறிப்பிற்கும் குறிப்பு. பிரெஞ்சு, இத்தாலியம், ஜேர்மன், இலத்தீன் மேற்கோள்கள் மொழிபெயர்ப்பின்றி நிற்கின்றன. காமநூலைப் பற்றிய நூலொன்று இவ்வளவு வறட்சியாக இருக்க முடியுமா என்று ஐயுறுதல் இயல்பு. ஆனால் அவ்வறட்சி திட்டமிட்டது. பிணப் பரிசோதனை மேசைமேற் கிடத்தப்பட்ட உடல் மருத்துவ மாணவனிடம் எத்தகைய இச்சையையும் எழுப்பாதவாறு போலத் தமது நூலும் எவரிடமும் எழுப்பாது என முன்னுரையில் அவர் வாதிடுகின்றார். உவமை சற்றுக் கோரமானது. ஆயினும் அவர் ஏற்றுக்கொண்ட பாத்திரம் எதுவென அது தெளிவாக்குகின்றது. நூலின் அளவு, பக்கத்தொகை, பொய்யான பதிப்பாண்டும் உண்மையான பதிப்பாண்டும், எழுதியவர் யாரென்ற ஊகம், எந்த நூலிலிருந்து எது திருடப்பட்டது என்ற விபரம், கதைச் சுருக்கம், இறுதியாகத் தமது மதிப்பீடு என்ற ஒழுங்கில் அவர் செல்கின்றார். இத்துறையிற் பழகிய ஜேம்ஸ் கம்பல் றெடி என்பவர் 1878இல் இறக்கும்போது தமது கையெழுத்துக் குறிப்புகளை அஷ்பிக்கே விட்டுச்சென்றார். அவற்றையும் அவர் நன்றியுடன் பயன்படுத்தினார்.

அவருடைய மதிப்பீட்டிற்கு ஆதாரமான அளவைகள் இரண்டு. முதலாவது உண்மை. காமப் புனைகதையிலே அக்காலத்து மக்களின் நடத்தையும் தீயொழுக்கமும், ஓரளவு கழிவு போக, பிரதிபலிக்கின்றன. அவற்றைத் திருத்த விரும்புவோர்கூட அவற்றை அளந்தறிதல் வேண்டும் என்பது அவர் கட்சி. ஆகவே நடந்திருக்கக்கூடியதைச் சொல்லும் நூலை உயர்த்தியும், மனித உடலாலும் மனத்தாலும் இயலாததைக் குவிக்கும் நூலைத் தாழ்த்தியும் அவர் பேசுகின்றார். இரண்டாவது நடை. இங்குதான் அவர் தம் நாட்டவர்மேற் கடுமை காட்டுகின்றார். பிரெஞ்சு, இத்தாலிய எழுத்தாளர் இப்பொருளைத் தொடும்போது நகையும் நயமும் இழப்பதில்லை. ஆங்கிலேயன் பேனா மட்டும் காமத்தைத் தொட்டவுடன் ஏதோ சாபத்திற்கு ஆளானதுபோல் கொச்சையாகி விடுகின்றது என்பது அவருடைய முறைப்பாட்டின் சாரம். ஒழுக்கக் கேட்டிற்காக அன்றி, எழுத்துக் கேட்டிற்காகவே கற்றோர் இந்நூல்களை வெறுக்கலாம் என்று அவர் கருதினார். 1868ஆம் ஆண்டுத் தீர்ப்புடன் இதனை ஒப்பிட்டு நோக்கினால் வேறுபாடு விளங்கும். கொக்பேண் கேட்டது இந்நூல் யாரைக் கெடுக்கும் என்று. அஷ்பி கேட்டது இந்நூல் எங்கே கெட்டது என்று.

சாபம் எனும் விளக்கம் திறனாய்வாகாது. இதே ஆங்கில மொழியில் 1748 - 49ஆம் ஆண்டுகளில் ஜோன் கிளீலண்ட் என்பவர் 'ஃபனி ஹில்' என மக்கள் அழைக்கும் நாவலை எழுதினார். பம்பாயில் கிழக்கிந்தியக் கம்பனிச் சேவையிலிருந்து திரும்பி, கடனாளியாகச் சிறையிருந்த காலத்தில் அவர் அதனை நிறைவு செய்தார். கொச்சைச் சொல் ஒன்றுகூட இல்லாது முழுக் கதையையும் உருவகங்களாற் கூறிச்செல்லும் அந்நூலை அஷ்பி உட்பட எல்லோரும் மேலான படைப்பாகவே கொண்டனர். அந்நாவலும் தொல்லைக்கு ஆளாகியதே. ஆசிரியரும் வெளியீட்டாளரும் கைதுசெய்யப்பட்டனர். ஆயினும் 1750இல் அதன் சுருக்கிய பதிப்பு வந்தபோது 'மன்த்லி றிவியூ' என்ற பெயர்பெற்ற சஞ்சிகை அதற்கு மதிப்புரை எழுதியது. சஞ்சிகையை நடத்திய ரால்ப் கிரிபித்ஸ் என்பவருக்கே நூல் வெளியீட்டிலும் பங்கிருந்தது என்பதனால் அம்மதிப்புரையின் நடுநிலைமை நகைப்பிற்குரியதுதான். எனினும் மதிப்புரை என்ற ஒன்று இருந்தது. மற்றைய நாவல்களோடு ஒரே தராசில் வைத்து அதனை நிறுக்கும் வழக்கம் அன்று இருந்தது. நூறாண்டு கழித்து டக்டேலுக்கு எழுதிக் கொடுத்தவர்களுக்கு அத்தராசு கிடைக்கவில்லை. சாபம் பேனாவிலன்று, தராசு இல்லாமையிலேயே இருந்தது எனல் பொருந்தும்.

காமத்தைப் பொருளாகக் கொண்ட எழுத்திற்குத் திறனாய்வு இயல்பாகவே அமைந்த மரபுகளும் உள. தமிழ் மாணவர்க்கு இதனை விரித்துக் கூறவேண்டியதில்லை. இறையனார் களவியலுக்கு உரை கண்ட புலவர் நாற்பத்தொன்பதின்மரும் தத்தம் உரையே உயர்ந்தது எனப் பிணங்கியபோது, நடுவனாக அமர்த்தப்பட்டவன் உருத்திரசன்மன் என்ற ஐந்து வயது மூங்கைப் பிள்ளை. நக்கீரர் உரை வாசிக்கப்படக் கேட்டு அவன் கண்ணீர் உகுத்தான், மெய்ம்மயிர் சிலிர்த்தான் என்பது வரலாறு. இக்கதையில் வரலாற்றுண்மை தேடுதல் வேண்டா. களவொழுக்கம் பற்றிய நூலின் உரையைச் சிறுவன் ஒருவனை முன்னிருத்தி மதிப்பிட்டதாகக் கதை புனைவதில் எவரும் இழுக்குக் காணவில்லை என்பதே கருதத்தக்கது. விக்ரோறியா காலத்து இங்கிலாந்து இளையோரை முன்னிறுத்தியது நூலை எரிப்பதற்காக.

அஷ்பி ஆராய்ந்த எழுத்தாளருள் எட்வேட் செலன் (1818 - 1866) என்பவருக்கும் தென்னிந்தியாவுக்கும் நேரடித் தொடர்புண்டு. பதினாறு வயதில் படைப்பயிற்சியாளனாக வந்து சென்னை மாகாணப் படையில் பத்தாண்டுகள் கழித்தவர் இவர். இங்கிலாந்து திரும்பியபின் வறுமை துரத்தியது. வண்டி ஓட்டினார், வாட்பயிற்சி அளித்தார், ஈற்றில் டக்டேலுக்குக் காமக்கதைகள் எழுதிக் கொடுத்தார். 1866இல் இலண்டன் விடுதியொன்றில் தம்மைத் தாமே சுட்டு மாண்டார். அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் மறு ஆண்டு அச்சாயின. அவர் கதை முழுவதையும் பதிந்து வைத்தவர் அஷ்பியே. அவர் இல்லையேல் செலன் ஒரு பெயரும் ஆகார். இதில் அஷ்பியின் நேர்மை தெரிகின்றது. கூடவே குறையும் தெரிகின்றது. செலன் காமக்கதை எழுதிய அதே கையால் 1865இல் இந்துக்களின் புனித நூல்களுக்குக் குறிப்புரை என்றொரு நூலும் எழுதினார். இந்தியச் சமயத்தில் இலிங்க வழிபாடு பற்றி இலண்டன் மானிடவியற் சங்கத்திற்குக் கட்டுரையும் அளித்தார். தமது இளமையில் தென்னாட்டில் அவர் கண்டவையும் கண்டதாக எண்ணியவையும் ஒரு நூலிற் கதையாகவும் மற்றொன்றில் அறிவியலாகவும் உருமாறின. கதையைக் குற்றம் என்றது அக்காலச் சமூகம். மற்றதை ஆராய்ச்சி என்றது. அஷ்பியின் உண்மை என்னும் அளவை, ஐரோப்பியரைப் பற்றி எழுதும்போது கூர்மையாக வெட்டியது. சென்னையைப் பற்றியோ பம்பாயைப் பற்றியோ எழுதும்போது மழுங்கிற்று.

இதனுடன் 'காமசூத்திர' ஆங்கில மொழிபெயர்ப்பின் கதையும் சேரும். றிச்சேட் பேட்டனும் ஆபத்நொட் என்ற பம்பாய் அதிகாரியும் 1873இல் 'அனங்கரங்கம்' என்ற வடமொழி நூலின் மொழிபெயர்ப்பை அச்சிடத் தொடங்க, அச்சகத்தார் அச்சுப்படியை வாசித்துப் பயந்து நான்கைந்து பிரதிகளோடு நிறுத்திவிட்டனர். அந்நூலை அஷ்பி தமது முதற் தொகுதியிலேயே விபரித்தார். பத்தாண்டின் பின் 1883இல் 'காமசூத்திரம்' தனிப்பட்ட சங்கமொன்றின் பெயரால் வந்தது. அதன் பெரும்பகுதி உழைப்பு பகவான்லால் இந்திராஜி முதலிய இந்திய அறிஞருடையது. முகப்பில் அவர்கள் பெயர் இல்லை. மறைத்தல் எல்லோர்க்கும் ஒரே வகையாக நிகழவில்லை. பேட்டன் மறைந்தது சட்டத்திற்கு அஞ்சி. இந்திராஜி மறைக்கப்பட்டார்.

அஷ்பியின் மிகப் பெரிய குறை வேறிடத்தில் உள்ளது. அவர் எழுதியதை யார் படித்தார்கள்? 250 பிரதிகளை வாங்கத்தக்க செல்வந்தர், இலத்தீனும் பிரெஞ்சும் அறிந்த ஆடவர், அவரைப் போன்றே அலமாரி வைத்திருந்தவர். எழுதியவனுக்கு அம்மதிப்பீடு எட்டவில்லை. வீதியில் வாங்கிய சாதாரண வாசகனுக்கு எட்டவில்லை. பெண் வாசகர் ஒருவர் இருக்கக்கூடும் என்ற எண்ணமே மூன்று தொகுதிகளிலும் மிகமிக அரிது. எழுத்தாளன் கேளாத திறனாய்வு எழுத்தைத் திருத்தமாட்டாது. அஷ்பியின் முதலிரு தொகுதிகள் வந்தபின், 1879 யூலை முதல் 1880 டிசம்பர் வரை 'பேர்ள்' என்ற இரகசியச் சஞ்சிகை 18 இதழ்கள் வெளிவந்தன. அதிலுள்ள கதைகள் முந்தியவற்றைவிட எவ்வகையிலும் முன்னேறியவையல்ல. பிரபுக்களும் பணிப்பெண்களும் பிரம்படியும் திரும்பத் திரும்ப வருகின்றன.

ஸ்ரீவன் மார்க்கஸ் என்ற அமெரிக்கத் திறனாய்வாளர் 1966இல் எழுதிய விக்ரோறியா காலத்தின் மறுபக்கம் பற்றிய நூலே அஷ்பியைப் பல்கலைக்கழக உலகிற்கு அறிமுகம் செய்தது. ஆழமான நூல் அது. ஆயினும் அதன் முடிபொன்றை ஏற்றுக்கொள்ளல் கடினம். இவ்வகைக் கதை தன் இயல்பிலேயே உருவமற்றது, முடிவை நோக்கிச் செல்லாதது, மொழியையே ஓர் இடையூறாகக் கருதுவது. ஆகவே இலக்கியம் ஆக இயலாதது என்று மார்க்கஸ் வாதிடுகின்றார். அவர் முன் கிடந்த நூல்களைப் பொறுத்தவரை இது முற்றிலும் சரி. ஆனால் அந்நூல்கள் பிறந்த சந்தையை நோக்காது நூலின் இயல்பை வகுப்பது, நீர் பாயாத வயலைப் பார்த்து நெல்லின் இயல்பு பதராவதே என்பது போலாகும். பெயர், பதிப்பாசிரியன், மதிப்புரை, பொறுப்பு ஆகிய நான்கும் இல்லாவிடத்து வரலாற்று நாவலும் இதே கதியை அடைந்திருக்கும்.

அடுத்த நூற்றாண்டில் நிகழ்ந்த ஒன்று இதற்குத் துணையான சான்றாகும். 1940ஐ அண்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் பெயர் வெளியிடாத செல்வந்தர் ஒருவர் தரகர் வழியே ஹென்றி மில்லருக்கும் பின்னர் அனாயிஸ் நின் என்ற பெண் எழுத்தாளருக்கும் பக்கமொன்றுக்கு ஒரு டொலர் வீதம் கொடுத்துக் காமக்கதை எழுதுவித்தார். நின் அனுப்பிய பக்கங்களுக்கு அவரிடமிருந்து வந்த ஒரே மதிப்புரை கவித்துவத்தை விட்டுவிடுக என்பதே. வறுமையால் எழுதிய நின்னும் நண்பர்களும் அந்தக் கட்டளையைச் சபித்துக்கொண்டே நிறைவேற்றினர். முற்றாக நிறைவேற்றவும் அவரால் இயலவில்லை. அக்கதைகள் 1977இல், அவர் இறந்த ஆண்டிலே, 'டெல்ற்றா ஒஃப் வீனஸ்' என்ற பெயரில் வெளிவந்து பரந்த வாசகரை அடைந்தன. தனியொரு வாங்குவோன் குறையென்று கண்டதைப் பொது வாசகரும் திறனாய்வாளரும் நிறையென்று கொண்டனர்.

அஷ்பி 1900 யூலையில் இறந்தார். 15,000க்கு மேற்பட்ட நூற்றொகுதிகளைப் பிரித்தானிய நூதனசாலைக்கு எழுதிவைத்தார். செர்வாந்தேஸ் திரட்டை நூதனசாலை இழக்க விரும்பாமையாலேயே காமநூல்களும் உள்ளே வந்தன என்பது பொதுவாகக் கூறப்படும் காரணம். அவை தனிப்பேழைப் பகுதி எனப்பட்ட பூட்டிய அடுக்குகளில் வைக்கப்பட்டன. பொதுப் பட்டியலில் அவற்றின் பெயரும் இடம்பெறவில்லை. மனைவியையும் மக்களையும் பிரிந்து வாழ்ந்தே அவர் மறைந்தார். மகன் சார்ள்ஸ் றொபேட் அஷ்பி கைவினை மறுமலர்ச்சியின் தலைவருள் ஒருவர். இலங்கை வாசகர் அவரை வேறொரு வழியில் அறிவர்: ஆனந்த குமாரசுவாமிக்குப் புரோட் கம்டன் கிராமத்திற் பழைய தேவாலயமொன்றை வீடாகத் திருத்தியமைத்தவர் அவர்; குமாரசுவாமியின் 'மத்தியகாலச் சிங்களக் கலை' 1908இல் நிறைவுற்றது அவர் நடத்திய எசெக்ஸ் ஹவுஸ் அச்சகத்திலேயே. தந்தை தமது பெயரை மறைத்து அச்சிட்டார். மகன் அச்சுக்கலையையே பெயர் விளங்கச் செய்தார்.

1959இல் இங்கிலாந்து தன் சட்டத்தைத் திருத்திற்று. நூலை முழுமையாக நோக்கவேண்டும் என்பதும், இலக்கியத் தகுதி முதலிய பொதுநலம் கருதி அறிஞர் சாட்சியங் கூறலாம் என்பதும் புதிய விதிகள். மறு ஆண்டு டி. எச். லோறன்ஸின் 'சற்றர்லி சீமாட்டியின் காதலன்' வழக்கில் 35 சாட்சிகள் எதிரிதரப்பிற் கூண்டேறினர். பேராசிரியர், பேராயர், நாவலாசிரியர் எனத் திறனாய்வு முதன்முறையாக அந்நீதிமன்றத்தில் அமர்ந்தது. இந்நூலை மனைவியோ பணியாளரோ படிக்க விடுவீர்களா என்று அரச தரப்பு வழக்கறிஞர் யூரர்களைக் கேட்டமை, கொக்பேணின் குரல் இன்னும் ஓயவில்லை என்பதைக் காட்டியது. யூரர்கள் நூலை விடுவித்தனர். ஆனால் இச்சலுகை லோறன்ஸ் போன்ற பெரும் பெயர்களுக்கே இலகுவிற் கிட்டியது. 1964இல் 'ஃபனி ஹில்' மலிவுப் பதிப்பு நீதவான் ஒருவரின் கட்டளையாற் பறிமுதலாயிற்று. அறிஞர் சாட்சியம் பயன்படவில்லை. 1969இல் பெயர் தெரியாத விக்ரோறியா காலத்தவர் ஒருவரின் பெரிய தன்வரலாற்றை வெளியிட்டவர் சிறை சென்றார். பதினொரு தொகுதிகளாக அமைந்த அத்தன்வரலாற்றை எழுதியவர் அஷ்பியே என 2001இல் இயன் கிப்சன் வாதிட்டார். பலர் இன்றும் ஏற்கவில்லை. 1976இல் மற்றொரு நூலின் வெளியீட்டாளர் விடுதலையானபின், எழுத்து மட்டும் கொண்ட நூல்கள்மேல் இங்கிலாந்தில் வழக்குகள் ஏறத்தாழ நின்றுபோயின.

மீண்டும் ஒரு வழக்கு வந்தது. 2009இல் நியூகாசில் முடிக்குரிய நீதிமன்றத்தில், எழுத்தைத் தொழிலாகக் கொள்ளாத ஒருவர், புகழ்பெற்ற பாடகியர் குழுவைப் பாத்திரங்களாக்கி இணையத்தில் இலவசமாக இட்ட கொடூரமான காமக்கதையொன்றிற்காக 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நிறுத்தப்பட்டார். அக்கதை தேடிச் செல்வோர்க்கன்றித் தற்செயலாக இளம் இரசிகர் கண்ணிற் படக்கூடியதா என்பதே விவாதமாயிற்று. படாது எனக் கணினி நிபுணர் கூறவே, அரச தரப்பு சான்றெதுவும் முன்வைக்காது விலகிற்று, அவர் விடுதலையானார். கதை எப்படி எழுதப்பட்டிருந்தது என்று கூற எவரும் அழைக்கப்படவில்லை.